வாங்கிய விலை

"விக்கவா சுவாமி, காத்திருக்கவா?"

முனிவர் மயிற்பீலியால் தரையை மெல்லத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"யார் விற்கச் சொல்வது?"

"மகன்."

"காத்திருக்கச் சொல்வது?"

"அரசாங்கம்."

முனிவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நேரா சொல்லல சுவாமி. பெரிய நிவாரணப் பேக்கேஜ் ஒண்ணு வருதுங்கறாங்க. வந்தா மார்க்கெட் ஏறும். தினமும் காலையில என் ஷேரை விக்கறதுக்கு ஆர்டர் போட்டு வெச்சுடறேன். நான் சொன்ன விலை வந்தா வித்துடும். வரலேன்னா மூணரைக்குத் தானாவே ரத்தாயிடும். மறுநாள் மறுபடியும் போடுவேன்."

"என்ன விலை?"

"இருநூத்திப் பன்னெண்டு."

"ஏன் இருநூற்றுப் பன்னிரண்டு?"

"நான் வாங்கின விலை."

முனிவர் கண்களை மூடிக்கொண்டார். இன்றைக்கு அவ்வளவுதான் என்று எதிரே உட்கார்ந்திருந்த ஜீவேந்திரனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.



கொரோனா ஊரடங்கு ஐம்பதாவது நாளை நெருங்கிக்கொண்டிருந்தது.

முனிவருக்கு முப்பத்தெட்டு வயது. ஜீவேந்திரனைவிட இருபத்துநான்கு வயது இளையவர். ஒரு மலைக்கோயிலை நோக்கி நடந்துபோய்க்கொண்டிருந்தவர், சாலைகளை மூடியபோது வந்தவாசிக்குத் தெற்கே இந்த ஊரில் நின்றுவிட்டார். சமணக் கோயிலான ஜினாலயத்தை ஒட்டிய அறையில் தங்கியிருந்தார். ஊரில் சமண வீடுகள் ஏழு. ஒரே தெரு.

ஜீவேந்திரன் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பங்குச் சந்தையில் முப்பது வருடம். போன வருடம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் இரண்டாயிரம் பங்குகள் வாங்கினார். இப்போது ஒன்றின் விலை நூற்று முப்பத்தொரு ரூபாய்.

மகன் நேமிநாதன் தாம்பரத்தில் மெஸ் நடத்துகிறான். மார்ச்சில் மூடியது. வேலை செய்த பதினொரு பேருக்கு ஊர் போகப் பேருந்தும் இல்லை, ரயிலும் இல்லை. மெஸ்ஸின் மாடியில் படுத்திருந்தார்கள்.

"கையில இருந்தது தீர்ந்துடுச்சுப்பா. அந்த ஷேரை வித்து அனுப்புங்க."

"பொறு. இந்த விலைக்கு விக்கறது முட்டாள்தனம்."

"இவங்களுக்கு சோறு போடணும்பா."

"ஒரு வாரம். பேக்கேஜ் வரட்டும்."

இந்தப் பேச்சு நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.



முனிவர் ஒரு நாளைக்கு ஒரு வேளை உண்பார். தண்ணீரும் அப்போது மட்டும்தான்.

காலையில் அறையைவிட்டுக் கிளம்புமுன் மனதுக்குள் ஒரு சங்கல்பம் செய்துகொள்வார். வாசலில் இன்னதை ஏந்தியோ இன்ன விதமாகவோ நிற்பவர் அழைத்தால் உண்பது, இல்லையென்றால் உண்ணாமல் திரும்புவது. அது என்னவென்று யாருக்கும் சொல்லமாட்டார். யாரும் கேட்கவும் கூடாது.

ஏழு வீட்டு வாசலிலும் குளித்து, ஈர வேட்டியும் ஈரப் புடவையுமாக ஆட்கள் நிற்பார்கள். ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பு, அல்லது தேங்காய், அல்லது எலுமிச்சை. சில வீட்டில் விளக்கு. முனிவர் வலது கையைத் தோளில் வைத்தபடி மெதுவாக வருவார். "நமோஸ்து சுவாமி, இங்கே நில்லுங்கள்" என்று ஒவ்வொரு வாசலிலும் அழைப்பார்கள். அவர் நினைத்தது எங்கே அமைகிறதோ அங்கே நிற்பார்.

அவர் உண்ட பிறகோ, உண்ணாமல் திரும்பிப் போன பிறகோதான் மற்றவர்கள் வாயில் ஏதாவது வைப்பார்கள்.

சந்தை ஒன்பதே காலுக்குத் திறக்கும். முனிவர் ஒன்பதரைக்குப் புறப்படுவார். நடுவில் இருக்கும் கால் மணி நேரத்தில் ஜீவேந்திரன் இருநூற்றுப் பன்னிரண்டுக்கு ஆர்டர் போட்டுவிட்டு, போனை அரிசிப் பானைமேல் வைத்துவிட்டு, சொம்புடன் வாசலுக்கு வருவார்.



மறுநாள் முனிவர் ஏழு வாசலையும் கடந்தார். எங்கும் நிற்கவில்லை. திரும்பிப் போய்விட்டார்.

இது எப்போதாவது நடப்பதுதான். யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

அன்று மாலை பேக்கேஜ் வந்தது. தொகையை மட்டும் சொன்னார்கள். விவரம் நாளைக்கு.

"எத்தனை சைபர்னு எண்ணிப்பாரேன்" என்றார் ஜீவேந்திரன்.

மனைவி மருதேவி டி.வி.யைப் பார்க்காமல் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். "மாடியில இருக்கறவங்களுக்கு அதுல எத்தனை சைபர்?"

"அப்படிக் கேக்கக்கூடாது. இது சுத்திச் சுத்தி வந்து சேரும்."

"சேரட்டும்."



இரண்டாம் நாளும் முனிவர் நிற்கவில்லை.

பங்கு காலையில் நூற்று முப்பத்தெட்டுக்குப் போனது. ஜீவேந்திரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மத்தியானம் நூற்று இருபத்தொன்பது.

மாலையில் விவரம் சொன்னார்கள். மிச்ச விவரம் நாளைக்கு.

நேமிநாதன் கூப்பிட்டான். "கடன் தர்றாங்களாம்பா."

"நல்லதுதானே. எழுதிப் போடு."

"போடறேன். அது வர வரைக்கும்? நேத்துலேர்ந்து ஒரு வேளைதான் ஆக்கறோம்."

"மார்க்கெட் இதை இன்னும் புரிஞ்சுக்கல. ரெண்டு நாள் ஆகும் புரிஞ்சுக்க."

"யாருக்குப்பா? மார்க்கெட்டுக்கா?"

"ஆமா."

நேமிநாதன், "சுவாமி சாப்பிட்டாரா?" என்று கேட்டான்.

"இல்லை. ரெண்டாவது நாள்."

"சரிப்பா" என்று வைத்துவிட்டான்.



தெருவில் பயம் வந்திருந்தது. மே மாத வெயில். தண்ணீரும் இல்லை. முனிவரின் நடை தளர்ந்திருந்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

ஜீவேந்திரன் ஒரு நோட்டை எடுத்துவந்தார். எதையும் எழுதி வைப்பது அவர் பழக்கம். முனிவர் உண்ட கடைசிப் பதினெட்டு நாட்கள் அதில் இருந்தன. சொம்பும் தேங்காயும் ஆறு தடவை. கணவன் மனைவி சேர்ந்து நின்றது நான்கு. எலுமிச்சை மூன்று. விளக்கு இரண்டு. மூன்று நாள் என்னவென்று தெரியவில்லை.

"சொம்பு ஆறு தடவை வந்தாச்சு. இனிமே வராது. புதுசா ஏதோ நெனைக்கறார். நாம ஏழு பேரும் ஒரே மாதிரி நின்னா எப்படி? பிரிச்சுக்கணும். ஏழு வீட்டுல ஏழு விதம். ஏதாவது ஒண்ணு அமைஞ்சே தீரும்."

எதிர்வீட்டு அப்பாண்டைராஜ் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினார். "நீ வாங்கச் சொன்ன சிமெண்ட் கம்பெனி மாதிரி ஆயிடாதே?"

"அது வேற."

"அப்பவும் அப்படித்தான் சொன்னே. அமைஞ்சே தீரும்னு."

மருதேவி சொன்னாள்: "சிரிச்ச முகம்னு நெனச்சிருந்தார்னா? எல்லாரும் மூக்கையும் வாயையும் கட்டிக்கிட்டில்ல நிக்கறோம்."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் வேறு யோசனையும் யாரிடமும் இல்லை. அப்பாண்டைராஜுக்கு இரண்டு மாம்பழம் என்று முடிவாயிற்று. ஒரு வீட்டுக்கு வாழைப்பூ. ஒரு வீட்டுக்கு வெறும் கை. ஜீவேந்திரன் தனக்கு விளக்கையும் வெள்ளைப் பூவையும் வைத்துக்கொண்டார்.



மூன்றாம் நாள்.

முனிவர் வந்தார். முதல் வாசல். இரண்டாவது. மாம்பழத்தைப் பார்த்தார், கடந்தார். வெறும் கையைப் பார்த்தார், கடந்தார். அடி எடுத்து வைக்க ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் யோசிப்பதுபோல இருந்தது.

ஜீவேந்திரனின் வாசலுக்கு இரண்டடி முன்னால் முனிவர் நின்றார்.

தெருவே அசையாமல் நின்றது. ஜீவேந்திரன் விளக்கை உயர்த்தி, "நமோஸ்து சுவாமி" என்றார். மருதேவி கால் கழுவும் நீரை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

முனிவர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் எறும்பு வரிசை தெருவைக் கடந்துகொண்டிருந்தது. கடைசி எறும்பும் போன பிறகு காலை எடுத்துவைத்தார். ஜீவேந்திரனைக் கடந்தார். மீதி வாசல்களையும் கடந்தார். திரும்பிப் போனார்.

அப்பாண்டைராஜ் மாம்பழங்களைத் தரையில் வைத்தார்.

"கை வலிக்குதுடா ஜீவா. நான் பாட்டுக்கு எப்பவும் போல சொம்போட நின்னிருப்பேன்."

"சொம்புதான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. மாம்பழம் இல்லேன்னு இப்ப தெரியும்."



மத்தியானம் இரண்டே முக்காலுக்கு ஜீவேந்திரன் ஜினாலயத்துக்குப் போனார். பங்கு நூற்று இருபத்தாறு.

முனிவர் எதிலும் சாயாமல் உட்கார்ந்திருந்தார். உதடுகள் வெடித்திருந்தன.

"சுவாமி, மூணு நாளாச்சு. என்ன சங்கல்பம்னு கேக்கல. கேக்கக்கூடாது. கொஞ்சம் தளர்த்திக்கலாமில்லையா?"

"நீங்கள் தளர்த்திக்கொண்டீர்களா?"

"நானா?"

"இருநூற்றுப் பன்னிரண்டு."

ஜீவேந்திரன் சிரிக்கப் பார்த்தார். "அதுவும் இதுவும் ஒண்ணா சுவாமி?"

"ஒன்றுபோலத்தான் தெரிகிறது. நான் ஒன்றை நினைத்துக்கொண்டு வாசல் வாசலாகப் போகிறேன். அமையவில்லை, திரும்பிவிடுகிறேன். நாளைக்கு மறுபடி போவேன். நீங்களும் மூன்றரைக்குத் திரும்பிவிடுகிறீர்கள்."

ஜீவேந்திரன் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். மூன்று வாரமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்குவதுபோல இருந்தது.

"அப்ப காத்திருக்கறது சரிதானே சுவாமி? அவசரப்படக்கூடாது. அதைத்தான் நானும் நேமிகிட்ட..."

"காலையில் நான் திரும்பிய பிறகு சாப்பிட்டீர்களா?"

"சாப்பிட்டேன் சுவாமி."

"என்ன?"

"இட்லி."

"எத்தனை?"

"அஞ்சு."

முனிவர் தலையசைத்தார்.

வெளியே வேப்பமரத்தில் ஒரு காக்கை கத்திவிட்டு நிறுத்தியது. ஜீவேந்திரன் தன் கையைப் பார்த்தார். இட்லி சாப்பிட்ட வலது கை. விரல்களை மடக்கிக்கொண்டார்.

முனிவர் பீலியையும் கமண்டலத்தையும் எடுத்துக்கொண்டு எழப் பார்த்தார். முதல் தடவை எழ முடியவில்லை. ஜீவேந்திரன் பதறி எழுந்தார். முனிவர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, தரையில் ஊன்றி, தானே எழுந்து அறைக்குள் போனார்.



வேப்பமரத்தடியில் நின்று ஜீவேந்திரன் போனைத் திறந்தார். மூன்றேகால். காலையில் போட்ட ஆர்டர் அப்படியே நின்றிருந்தது. அதை ரத்து செய்தார். என்ன விலை என்று திரை கேட்டது. என்ன விலையானாலும் சரி என்ற கட்டத்தைத் தொட்டார்.

இரண்டாயிரம் பங்குகளும் விற்றுப்போக மூச்சுவிடும் நேரம்கூட ஆகவில்லை.

மகனைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தான்.

"என்னப்பா, ஏறிடுச்சா?"

"சாப்பிட்டாங்களா?"

"யாருப்பா?"

ஜீவேந்திரன் சொல்ல வாயெடுத்தார். பதினொரு பேரில் ஒருவர் பெயரும் அவருக்குத் தெரியவில்லை.