நீலச் சேவல்

செங்கோடன் மடத்துக்கு வந்து சேர்ந்தபோதே அறுபது தாண்டிவிட்டது. சாமிக்கு அவரைவிட வயசு கம்மி. இருந்தால் என்ன, குரு குருதானே. வந்த நாளிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே திரிந்தார் மனுஷன். போடவும் மாட்டார், கீழே வைக்கவும் மாட்டார்.

ஒருநாள் சாமி முன்னால் உட்கார்ந்து அழுதேவிட்டார்.

“எம் பொண்டாட்டி பாவாயி தச்சது சாமி. மைதா மாவு வர்ற துணிச்சாக்கைப் பிரிச்சு, கையாலயே தச்சா. மச்சான் மக கல்யாணத்துக்குப் போட்டுக்கச் சொன்னா. ‘மாவு மூட்டையாட்டம் நான் போய் நிக்கோணுமா?’ன்னு மூஞ்சியில விட்டெறிஞ்சேன். அவ அதை மடிச்சுப் பெட்டியில வச்சுட்டா. இப்ப அவளே இல்ல. இந்தப் பாவத்தை எங்க கொண்டுபோய்த் தொலைக்கிறது?”

சாமி எழுந்துபோய் மடத்துச் சமையல்கட்டிலிருந்து இரண்டு மைதாச் சாக்குகளைக் கொண்டுவந்து போட்டார். ஊசி நூலும் வைத்தார்.

“இதேமாதிரி ஒரு சட்டை தைங்க பெரியவரே.”

“ஐயோ, எனக்குத் தைக்கத் தெரியாதே!”

“தெரிஞ்ச வரைக்கும்.”

செங்கோடன் சாக்கைப் பிரித்தார். சோடா உப்பில் ஊறவைத்தார். கை கடுக்க அடித்துத் துவைத்தார். மாவு மில்லுக்காரன் அச்சடித்த நீலச் சேவல் மட்டும் போவேனா என்றது. துணி காய்ந்ததும் வெட்டிப் பார்த்துவிட்டு சாமியிடமே வந்து நின்றார்.

“சாக்குல ஒரு பக்கந்தான் வெள்ளை சாமி. ரெண்டு சாக்கு வெள்ளையும் சட்டைக்கே சரியாப் போச்சு. மிச்சம் பூரா சேவலும் எழுத்துந்தான்.”

சாமி அவர் கக்கத்துச் சட்டையை வாங்கி உள்ளும் வெளியும் திருப்பிப் பார்த்தார். எங்கேயும் ஒரு நீலப் பொட்டுக்கூட இல்லை.

“அந்தம்மா சேவலையெல்லாம் எங்க வச்சாங்க?”

எனக்கென்ன தெரியும் என்று சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“அவ உள்பாவாடையில சாமி.” என்றார். “வாசக்கொடியில காயும். ‘போறவன் வர்றவன் பாக்க எம் மானத்தை வாங்காதே’ன்னு, மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால காயப்போடச் சொன்னேன்.”

சாமி வெள்ளைத் துண்டுகளை எடுத்துக்கொண்டார். சேவல் துண்டுகளை அவர் பக்கம் தள்ளினார்.

“சட்டையை இதுல தைங்க,” என்றார். “துவைச்சா வாசக்கொடியிலயே காயப்போடுங்க.”