மண்ணுக்கடியில் கேட்ட பாட்டு

மலைச்சரிவில் இருந்த ஒரு காட்டில், மாலை ஆனதும் விலங்குகள் ஓடைக்கரையில் கூடும். குயில் பாடும், மற்றவை கேட்கும். அந்தக் காட்டுக்குத் தெரிந்த பாட்டு அது ஒன்றுதான்.

கோடை முடியும் சமயம். வானம் கறுத்துக் கிடந்தது. குயில் பாடிக்கொண்டிருந்தபோது, திடீரென்று மண்ணுக்கடியிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது.

"கொர்ர்... கொர்ர்... கொக்!"

முயலின் காதுகள் விறைத்தன. முரட்டுக் காட்டுப்பன்றிக்கே முதுகு மயிர் சிலிர்த்தது.

"குயிலே, இதுவும் ஏதாவது பாட்டா?" என்று நடுங்கியபடி கேட்டது முயல்.

"இதுவா பாட்டு? பாட்டு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?" என்றது கர்வம் பிடித்த குயில்.

புதர் மறைவில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த காட்டுப்பூனை மெல்ல வெளியே வந்தது.

"ஐயோ, அது மண்பூதம்! பசியில் உறுமுகிறது. தினமும் ஒரு குட்டியைக் கரும்பாறைக்குப் பின்னால் விட்டுவிட்டுப் போங்கள். இல்லையென்றால் தரையைப் பிளந்து எல்லோரையும் விழுங்கிவிடும். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது!"

மறுநாள் முயல் தன் குட்டியை விட்டுவிட்டு வந்தது. அழக்கூடப் பயந்து, வாயைப் பொத்திக்கொண்டு ஓடியது. அடுத்து அணிலின் குட்டி போனது. ஆனாலும் சத்தம் ஓயவில்லை. பூனை மட்டும் கொழுத்துக்கொண்டே வந்தது. இருந்த பயத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு கௌதாரியின் முறை வந்தது. அதற்கு இருந்ததோ ஒரே குஞ்சு.

"அம்மா, இருட்டப் போகிறதே. எங்கே போகிறோம்?" என்று குஞ்சு கேட்டது.

 கௌதாரி பாறைக்குப் போகவில்லை. குஞ்சைப் புல்லுக்குள் ஒளித்துவிட்டு, சத்தம் வந்த இடத்துக்கே போனது.  'பூதம் என்னைத் தின்னட்டும். என் குஞ்சு பிழைக்கட்டும்' என்று ஈர மண்ணில் தலைவைத்துப் படுத்தது.

"கொர்ர்... கொர்ர்... கொக்!"

அருகில் கேட்டபோது அது உறுமலாக இல்லை. ஏறியது, இறங்கியது, ஓரிடத்தில் நின்றது. மறுபடி அதே தாளத்தில் எழுந்தது.

"பூதமே, நீ... பாடுகிறாயா?"

சத்தம் சட்டென்று நின்றது. மண் அசைந்தது. கௌதாரி கண்களை இறுக மூடிக்கொண்டது.

மண்ணைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தது ஒரு சின்னத் தவளை.

"பூதமா? நாங்கள் மண்ணுக்கடியில் வாழும் தவளைகள். மழையை இப்படித்தான் பாடி அழைப்போம். யாரும் இதுவரை நின்று கேட்டதில்லை."

"அப்படியென்றால் குட்டிகளைத் தின்பது நீ இல்லையா?"

"நான் கறையான் அல்லவா தின்பேன்!"

 யார் தின்றது என்று கௌதாரிக்குப் புரிந்துவிட்டது. தவளையின் காதில் ஏதோ சொல்லி, அதை அழைத்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனது. அங்கே ஓர் அகன்ற இலைக்கடியில் தவளை ஒளிந்துகொண்டது.

"எங்கே உன் குஞ்சு?" என்று எல்லோர் முன்னிலையிலும் சீறியது பூனை.

அப்போது இலைக்கடியிலிருந்து "கொர்ர்... கொர்ர்... கொக்!" என்று சத்தம் எழுந்தது. விலங்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

"பூதம் என்ன சொல்கிறது?" என்று கேட்டது கௌதாரி.

"உன் குஞ்சு உடனே வேண்டுமாம்!" என்றது பூனை.

கௌதாரி இலையை விலக்கியது. தொண்டையை உப்பவைத்துக்கொண்டு தவளை பாடிக்கொண்டிருந்தது.

பூனையின் வால் தாழ்ந்தது. காட்டுப்பன்றி பாறைக்குப் பின்னால் ஓடிப் பார்த்தது. அங்கே குட்டிகளின் ரோமமும் எலும்பும் கிடந்தன. பன்றி கோரைப்பற்களை நீட்டிப் பாய்ந்து வர, பூனை மலையைத் தாண்டி ஓடியே போனது.

"இன்னொரு முறை பாடு" என்று தலை குனிந்தபடி கேட்டது குயில்.

தவளை பாடியது. முயல் மண்ணில் முகம் புதைத்து விம்மியது.

"அன்றைக்கே கிட்டப் போய்க் கேட்டிருந்தால், என் பிள்ளையும் இந்தப் பாட்டைக் கேட்டிருப்பானே!"

நீதி: பழக்கமில்லாத பாட்டைக் கண்டு பயந்து ஒதுங்காதே; அருகில் போய்க் காதுகொடுத்துக் கேள்.