நிற்கத் தெரியாத ஆறு

அந்தக் காலத்தில், ஆறு பேசுவது மனிதருக்கும் மனிதர் பேசுவது ஆமைக்கும் விளங்கிக்கொண்டிருந்தபோது, மஞ்சனாற்று அணைக்கரையில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கூடியிருந்தவர்கள் இவர்கள்: ஆண்கள் அறுபத்து மூன்று பேர். பெண்கள் எழுபத்தொரு பேர். கைக்குழந்தைகள் நீங்கலாகப் பிள்ளைகள் முப்பத்தொரு பேர். நாய்கள் நான்கு, நீர்நாய்கள் ஐந்து, ஆமை ஒன்று. கொக்குகளும் இருந்தன. ஆனால் எழுந்து எழுந்து இடம் மாறி உட்கார்ந்ததால் அவற்றின் கணக்கு சரியாக வரவில்லை.

உச்சிவெயிலுக்கு முன் அணையை உடைத்துக்கொண்டு போய்விடுவேன் என்று ஆறு முதல் நாளே சொல்லியிருந்தது. அதனால்தான் அத்தனை பேரும் அதனிடம் பேசிப் பார்க்க வந்திருந்தார்கள்.

அணை கட்டி முடித்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. மழை தொடர்ந்து பொய்த்ததால் ஐந்து ஊர்க்காரர்கள் சேர்ந்து, ஒன்பது ஆண்டுகள் கல் சுமந்து, சுண்ணாம்பு அரைத்து, இரண்டு குன்றுகளுக்கு நடுவே அதைக் கட்டினார்கள். புங்கம்பள்ளி என்ற ஊர் தண்ணீருக்கு அடியில் போக வேண்டியிருந்தது. அந்த ஊர்க்காரர்கள் கூரையைப் பிரித்து, அம்மியையும் உரலையும் வண்டியில் ஏற்றி, அணைக்குக் கீழே புதிதாக நாற்பத்திரண்டு வீடுகள் போட்டுக்கொண்டார்கள். ஆற்றைக் கேட்காமல் எதையும் செய்யவில்லை. “ஆவணியில இருந்து தை வரைக்கும் நின்னு குடு தாயி, அப்புறம் மதகைத் திறந்துவிடறோம்” என்று கும்பிட்டுக் கேட்டார்கள். ஆறும் சரி என்றது. நிற்பது என்றால் என்னவென்று அதுவரை அதற்குத் தெரியாது.

பரிசல்காரர் மாரப்பன் அன்று காலை கூட்டத்தைவிட்டுத் தள்ளி, அணைக்குக் கீழே பார்த்தபடி நின்றார். கீழே நான்காவது வீட்டில் அவருடைய மகள் செல்லாத்தாள் படுத்திருந்தாள். குழந்தை பிறந்து ஒன்பது நாள். மற்ற வீட்டுக்காரர்கள் எல்லோரும் சோற்று மூட்டையைக் கட்டிக்கொண்டு மேடேறிவிட்டார்கள். செல்லாத்தாளை மட்டும் கட்டிலோடுகூட அசைக்கக் கூடாது, உதிரம் நிற்காது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டு, தானும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அணை கட்டிய மேஸ்திரி சென்னிமலை முதலில் மிரட்டிப் பார்த்தார். “இன்னும் ரெண்டு வரிசை கல்லு வெச்சாப் போச்சு. அப்புறம் எங்க போவே?”

“ஒம்பது வருசம் கட்டினியே, ஒரு நாழியில காட்டட்டுமா?” என்றது ஆறு. கரை லேசாக அதிர்ந்தது. மேஸ்திரி பின்னால் நகர்ந்து ஆமையின் மேல் காலை வைத்துவிட்டார்.

“கண்ணு பொடனியிலயா இருக்குது?” என்று அவரை ஏசிவிட்டு ஆமை ஆற்றைப் பார்த்துச் சொன்னது: “நானுந்தான் நாளெல்லாம் ஒரே இடத்துல கெடக்கறேன். செத்தா போயிட்டேன்?”

“நீ செத்தாலும் அப்படித்தான் தெரியும்” என்றது மூத்த நீர்நாய். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மாரப்பன் பரிசலைத் தண்ணீரில் தள்ளினார். அவர் ஏறுவதற்குள் மனைவி ராக்காயி ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

“நீ எதுக்குப் புள்ள?”

“நீங்க போயி என்ன பேசுவீங்கன்னு தெரியாதாக்கும்? என்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு எங்கப்பாருகிட்ட மழை வருமான்னு கேட்டவருதானே.”

நடுநீருக்குப் போனதும் மாரப்பன் துடுப்பை நிறுத்தினார். “அம்மிணி, தை வரைக்கும் பொறுத்துக்க.”

“முடியலீங்கண்ணா” என்றது ஆறு. முப்பது வருசமாகத் தன்மேல் போய்வருகிற அவரை அது அப்படித்தான் கூப்பிடும். “காலெல்லாம் மரத்துப்போச்சு. மேலெல்லாம் பாசி ஏறுது. நான் நடந்தே பழகினவ.”

“கீழ செல்லாத்தா இருக்கறா.”

“தெரியுங்க. அவளை வயித்துல வெச்சுக்கிட்டு அண்ணி எத்தனை நடை என்மேல போயிருக்காங்க! அதனாலதான் முன்னாடியே சொன்னேன். இல்லீன்னா நேத்து ராத்திரியே போயிருப்பேன்.”

மாரப்பன் துடுப்பைக் கீழே போட்டுவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ராக்காயி சூரியனைப் பார்த்தாள். அது குன்றைவிட்டு ஒரு பனை உயரம் ஏறியிருந்தது.

“தள்ளுங்க. பொண்ணு பக்கத்துலயாவது போயி உக்காருவோம்” என்று துடுப்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

பரிசல்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு இருபத்திரண்டு வருசம் ஆகியும் அவள் துடுப்பைத் தொட்டதில்லை. வட்டப் பரிசலைப் போகிற திசையில் நீரைத் தன் பக்கம் இழுத்து வாங்கித்தான் செலுத்த வேண்டும். ராக்காயி அவசரத்தில் வலப்பக்கமே வலித்தாள். பரிசல் இருந்த இடத்தில் சுற்றியது. இன்னும் வேகமாக வலித்தாள். இன்னும் வேகமாகச் சுற்றியது.

“முன்னால வாங்கு புள்ள, முன்னால!”

“இந்தக் கூடையில முன்னால எங்க இருக்குது?”

கரை சுற்றியது. குன்றுகள் சுற்றின. மேஸ்திரி சென்னிமலை நான்கு முறை வந்துபோனார். அழுது வீங்கிய கண்ணோடு இருந்த ராக்காயிக்குத் திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது. மகள் அங்கே அப்படிக் கிடக்கும்போது இதென்ன சிரிப்பு என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளும் சிரித்தாள்.

“என்னங்க அண்ணி பண்றீங்க?” என்றது ஆறு. “போறீங்க. ஆனா எங்கயும் போகலையே!”

“தட்டாமாலை அம்மிணி. சின்னதுல நாங்க கைகோத்துக்கிட்டுச் சுத்துவோம். நின்ன எடத்துலயே ஓடறது.”

ஆறு ஓர் அலையால் பரிசலைத் தொட்டுப் பார்த்தது. பிறகு, “நின்ன எடத்துலயேவா?” என்று கேட்டது. “துடுப்பை வெச்சிராதீங்க அண்ணி.”

பரிசலுக்கு அடியில் தண்ணீர் மெல்லத் திரும்பத் தொடங்கியது. அடியில் கிடந்தது மேலே வந்தது. மேலே படிந்த பாசி விலகியது. நடுவிலிருந்து புறப்பட்ட அலை கரையைத் தொட்டுத் திரும்பி வந்தது. அணை அதிரவில்லை.

“நல்லாத்தான் இருக்குது” என்றது ஆறு. “ஆனா தெனமும் எங்கூட வெளையாட ஆளு வரோணும். வெளையாட வந்தவங்க எல்லாரும் ஒருக்காச் சுத்தி முடிச்சுட்டாங்கன்னா, அன்னிக்கு நான் கெளம்பிருவேன்.”

மாரப்பன் கரையைப் பார்த்தார். முப்பத்தொரு பிள்ளைகளும் அதற்குள் முழங்கால் தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

நடைக்கு நான்கு பிள்ளைகளாக ஏற்றிக்கொண்டு போய், நடுநீரில் சுற்றிக் காட்டி, திரும்பக் கொண்டுவந்து இறக்கினார். உச்சிவெயில் வந்தது, போனது. ஓடுவதற்காகக் கட்டிய சோற்று மூட்டைகளைப் பெண்கள் கரையிலேயே அவிழ்த்தார்கள். புளிச்சோறும் துவையலும் கைமாறின. ராக்காயி ஒரு பிடிகூடச் சாப்பிடாமல் மகளிடம் ஓடினாள்.

ஏழாவது நடை முடியும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

“எங்களையும் ஏத்திக்குங்க மாமா!” என்று மிச்சமிருந்த பிள்ளைகள் பரிசலைப் பிடித்துக்கொண்டார்கள். இன்னொரு நடைக்கு மாரப்பன் கையில் வலு இருந்தது. அவர் துடுப்பைத் தூக்கியும்விட்டார்.

“இதோட முடிஞ்சுதாங்கண்ணா?” என்று ஆறு தணிந்த குரலில் கேட்டது.

மாரப்பன் பிள்ளைகளைப் பார்த்தார். திரும்பி, கீழே நான்காவது வீட்டைப் பார்த்தார். விளக்கேற்றியிருந்தார்கள். குழந்தை பாலுக்கு அழுகிற சத்தம் கரைவரைக்கும் கேட்டது. பரிசலை மேலே இழுத்து மண்ணில் கவிழ்த்தார்.

“நாளைக்கு வாங்க கண்ணுகளா.”

பிள்ளைகள் ஓவென்று அழுதார்கள். “ஒரு நடைதானய்யா, ஏத்திக்கிட்டா என்ன? கல்லு நெஞ்சு!” என்று மேஸ்திரி சத்தம் போட்டார். மாரப்பன் தண்ணீர்ப் பக்கம் குனிந்து, “இன்னும் ஆளு இருக்குது அம்மிணி” என்றார்.

“அப்ப நாளைக்கும் இருக்கறேனுங்க” என்றது ஆறு.

அன்று முதல்தான் அணைக்குப் போகிறவர்கள் சோறு கட்டிக்கொண்டு போகிறார்கள். பரிசல்காரர்கள் நடுநீரில் பரிசலைச் சுற்றிக் காட்டுகிறார்கள். எவ்வளவு கெஞ்சினாலும் பொழுது சாய்ந்ததும் சிலரை ஏற்றாமல் கரையில் விட்டுவிட்டுப் பரிசலைக் கவிழ்த்துவிடுவதும் அன்று முதல்தான். அன்று அப்படி மிச்சம் நின்றவர்கள் மூன்று பேர்.