பாதியில் நின்ற பாட்டு

தூத்துக்குடியில் ஒரு வீட்டு அலமாரியின் மேல் ஒரு சிடி பிளேயரும் ஒரு ஸ்பீக்கரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சிடி பிளேயர் அந்த வீட்டுக்கு வந்து பல வருடம் ஆகிவிட்டது. ஸ்பீக்கர் புதிது, இணையத்திலிருந்து பாட்டை வாங்கிப் பாடும். ஆனால் இரண்டில் எப்போதும் அலுத்துப்போய்க் கிடந்தது ஸ்பீக்கர்தான்.

வீட்டில் சூசையா தனியாக இருந்தார். உப்பளத்தில் மேற்பார்வை வேலை. பகலெல்லாம் வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலைப் பார்த்துவிட்டு வருகிறவர், சாயங்காலம் நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்துவிடுவார். எழுந்துபோய் ஒரு சிடியைத் தேடி, துடைத்து, போடுவதற்குத் தெம்பு இருக்காது. "பாடு" என்பார். ஸ்பீக்கர் பாடும்.

பாதிப் பாட்டில் நின்றுவிடும்.

"சனியன்" என்று முனகிக்கொண்டு அவர் எழுந்து, கடைசியில் சிடியைத்தான் போடுவார். சிடி பிளேயர் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை ஒரு மூச்சு குறையாமல் பாடி முடிக்கும்.

"தம்பி, உலகத்துப் பாட்டெல்லாம் உன்கிட்ட இருக்கு. ஒண்ணையாவது முழுசாப் பாட முடியுதா?" என்றது சிடி பிளேயர்.

"நான் என்ன செய்ய, அண்ணே? இங்க வாயைத் திறந்ததும் அங்க கூப்பிடுறாங்க."

"எங்க?"

"புனேல. வினோலியா அக்கா."

வினோலியா சூசையாவின் ஒரே மகள். தாய் இல்லாமல் வளர்ந்தவள். அவர் பேசி முடித்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேலைக்காகப் புனே போய்விட்டாள். "இனி எனக்குப் போன் பண்ணாத" என்று அவர்தான் சொன்னார். அவளும் பண்ணவில்லை. ஸ்பீக்கரை வாங்கி, தன் பெயரில் இருந்த பாட்டுச் செயலிக் கணக்கை அதில் போட்டுக் கொடுத்தது அவள்தான். போகும்போது அதை நீக்காமலே போய்விட்டாள். அந்தக் கணக்கு ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் பாடும்.

"அவர்கிட்ட இதைச் சொல்லக்கூடாதா?" என்று கேட்டது சிடி பிளேயர்.

"தினமும் சொல்றேன். நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள திட்டிக்கிட்டே எழுந்து உங்ககிட்ட வந்திடுறாரு."

ஒரு நாள் உப்பளத்தில் லாரி ஏற்றும் வேலை அதிகம். சூசையா வந்து நாற்காலியில் விழுந்தார். பாட்டு பாதியில் நின்றது. திட்டவோ எழவோ அவருக்குச் சக்தி இல்லை. அப்படியே கிடந்தார். அதனால்தான் ஸ்பீக்கர் தணிந்த குரலில் சொன்னது அன்றைக்கு அவர் காதில் விழுந்தது.

"உங்கள் பாட்டு நிறுத்தப்பட்டது. இப்போது வினோலியாவின் போனில் பாடிக்கொண்டிருக்கிறது."

சூசையா கண்ணைத் திறந்தார். வெகுநேரம் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலை முடிஞ்சு வந்துட்டாளா" என்றார், யாரிடமும் இல்லாமல்.

அதன்பிறகு அவர் சிடி பக்கமே போகவில்லை. வேலைவிட்டு வந்ததும் ஸ்பீக்கரைப் பாடச் சொல்வார். பாட்டு நின்றதும் முகத்தில் ஒரு நிம்மதி வரும். எழுந்து உலை வைக்கப் போவார்.

சிடி பிளேயருக்கு மனசு விட்டுப்போயிற்று. "நான் ஒரு குறை வச்சதில்ல. நெட் இல்லாட்டியும் பாடுவேன், சுத்தமாப் பாடுவேன். அவருக்கு எப்படித் தம்பி அறுந்துபோற பாட்டு இனிக்குது?"

"அவர் பாட்டு கேக்க உக்காரலை, அண்ணே" என்றது ஸ்பீக்கர்.

பிறகு ஒரு நாள் பாட்டு நிற்கவில்லை.

ஒன்று முடிந்து அடுத்தது வந்தது. அதுவும் முடிந்து இன்னொன்று வந்தது. சூசையா நாற்காலியின் நுனிக்கு வந்தார். எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினார். உலை வைக்கவில்லை. உப்புக் காற்றில் சிவந்திருந்த கண்களைத் துண்டால் துடைத்துத் துடைத்து இன்னும் சிவக்க வைத்தார்.

"நிறுத்தேன் தம்பி. அவர் முகத்தைப் பாக்க முடியலை" என்றது சிடி பிளேயர்.

"என்னால முடியாது. யாராவது நிறுத்தினாத்தான் நான் நிப்பேன். இன்னைக்குக் கூப்பிட ஆளே இல்லை."

சூசையா போனை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார்.

"அப்பா?" என்றது அந்தப் பக்கக் குரல்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லியே?"

"இல்லப்பா. ஏன்?"

"இன்னைக்கு நீ பாட்டு போடலியே."

அவள் மெதுவாகச் சொன்னாள். "நான் போட்டதும் போன் கேக்கும்ப்பா. வீட்டுல பாடிக்கிட்டிருக்கு, அங்க நிறுத்தட்டுமான்னு. உங்க மேல இருந்த கோவத்துல தினமும் நிறுத்துன்னு அழுத்துவேன். வேணும்னேதான் செஞ்சேன்."

"ம்."

"இன்னைக்கு வேலை முடிஞ்சு வந்தப்ப கோவப்படக்கூடத் தெம்பில்ல. அப்பா பாட்டாவது கேக்கட்டும்னு விட்டுட்டேன்."

சூசையாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "நீ நிறுத்தினாத்தான்மா எனக்குச் சோறு இறங்கும். பிள்ள பத்திரமா வந்து சேர்ந்துட்டான்னு அதை வச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

அந்தப் பக்கம் விசும்பும் சத்தம் கேட்டது. "அந்த மாப்பிள்ள பேச்சு எடுக்க மாட்டீங்கல்ல?" என்றாள்.

"மாட்டேன். வேற எதாவது பேசும்மா. என்ன வேணா பேசு."

அவள் பேச ஆரம்பித்தாள். அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். அலமாரியின் மேல் பாட்டு போய்க்கொண்டிருப்பதையே மறந்துவிட்டார்.

"அண்ணே, நான் பாடுறதை யாருமே கேக்கலை" என்றது ஸ்பீக்கர்.

"நல்லதுதான்" என்றது சிடி பிளேயர். "குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்க. அவங்க பேசட்டும்."