அந்தரத்தில் முடுக்கிய போல்ட்

போடியில் வீரணன் முடுக்கிய போல்ட் தளர்ந்ததாக யாரும் சொன்னதில்லை. சொல்ல அவர் விட்டதுமில்லை.

லாரியில் தொழில் பழகிய கை. போல்ட்டை முடுக்கி முடித்ததும் மூச்சைப் பிடித்துக் கடைசியாக ஓர் இழுப்பு இழுப்பார். அதற்குப் பிறகு அதைக் கழற்ற இன்னொருவன் பிறந்துதான் வரவேண்டும். மலையேறும் பெரிய வண்டிக்காரர்கள் எல்லாம் அவரைத்தான் தேடி வந்தார்கள். போடிமெட்டுச் சாலையில் தினமும் ஏறி இறங்கும் வண்டிக்கு முதலில் தேய்வது முன்சக்கரத்தின் லோயர் ஆர்ம். சக்கரத்தை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருக்கும் இரும்புக் கை அது. அதை மாற்ற வீரணனை விட்டால் ஆளில்லை என்பது ஊர்ப்பேச்சு. வீரணனும் அதை மறுத்துப் பேசி யாரையும் வருத்தப்படுத்தவில்லை.

போன வருடம் அவர் பட்டறைக்கு லிஃப்ட் வந்தது. எவ்வளவு பெரிய வண்டியையும் ஆள் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தும். மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, தெருவுக்கே கேசரி கொடுத்தார். அதுவரை பட்டறைத் தரையில் வெட்டிய குழிக்குள் இறங்கிக் கழுத்து வலிக்க வேலை பார்த்தவர், அன்றிலிருந்து நின்றபடியே ராஜா மாதிரி வேலை பார்த்தார். குழியைப் பலகை போட்டு மூடி, அதன் மேல் பழைய டயர்களை அடுக்கிவிட்டார்.

இந்தச் சித்திரையில் ஏலக்காய் வியாபாரி மாசிலாமணி குடும்பத்தோடு மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டியின் இடப்பக்க முன்சக்கரம் மடிந்து படுத்துவிட்டது. வண்டி பாறைப் பக்கமாகச் சாய்ந்து உரசி நின்றது. மறுபக்கம் பள்ளத்தில் சாய்ந்திருந்தால் எடுத்துவர ஆளும் மிஞ்சியிருக்காது, வண்டியும் மிஞ்சியிருக்காது. மாசிலாமணியின் மனைவிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

ஒடிந்திருந்தது லோயர் ஆர்ம். வீரணன் மாட்டி ஒரு மழைக்காலம்தான் ஆகியிருந்தது.

பட்டறைக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒருவர் ரோட்டைத் திட்டினார். ஒருவர் வண்டியில் மூட்டை அதிகம் என்றார். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் போலியைத் தலையில் கட்டிவிட்டார் என்று மாசிலாமணி முடிவே செய்துவிட்டார். போலீசில் எழுதிக் கொடுக்கப்போகிறார் என்றும் பேச்சு. எல்லாக் காரணமும் வீரணனுக்குக் கேட்க இதமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து அவர் ஸ்பானரைத் தொடவில்லை.

ஒடிந்த ஆர்மைச் சாக்கில் சுற்றிக்கொண்டு தேனிக்குப் பஸ் ஏறினார்.

தேனி புறவழிச்சாலையில் சகாயராணி பட்டறை வைத்திருந்தார். முன்பு ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பாடம் எடுத்தவர். வேலையை விட்ட பிறகும் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். வீரணனுக்குக் கடைசித் தங்கை வயது இருக்கும். மீசை நரைத்த பிறகு ஒரு பெண்ணிடம் பாடம் கேட்கப் போகிறோமே என்று பாதி வழி வரைக்கும் மனசு குத்தியது. மீதி வழியில் அந்த வளைவு கண்ணுக்குள் வந்தது. குத்தல் நின்றுவிட்டது.

"வாங்கண்ணே. சாப்டீங்களா?"

"சோறு எறங்கல டீச்சர். இதப் பாருங்க."

டீச்சர் ஒடிந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. ஆர்மைத் திருப்பி, அதை வண்டியோடு பிணைக்கும் முனையில், போல்ட் நுழையும் துளையைச் சுற்றி இருந்த ரப்பர் புஷ்ஷைக் கட்டைவிரலால் தடவினார். ரப்பர் சுற்றிலும் கிழிந்து வாய் பிளந்து கிடந்தது.

"ஒடியறதுக்கு முன்னாடி சத்தம் கேட்டுருக்குமே?"

வீரணன் தரையைப் பார்த்தார். "கேட்டுச்சு. டொக்கு டொக்குங்குதுன்னு மாசிலாமணி கொண்டுவந்தாரு. போல்ட்டுல ஸ்பானரப் போட்டுப் பாத்தேன். அசையல. நான் முடுக்குனது தளராது, போங்கன்னு அனுப்பிட்டேன்."

"ரப்பர?"

"போல்ட்டுதான் கல்லு மாதிரி இருக்கே டீச்சர்."

டீச்சர் ஆர்மை மேசையில் வைத்தார்.

"நான் கேக்க வந்தது ஒண்ணுதான்," என்றார் வீரணன். "பொருளு நல்ல பொருளு. நானே பிரிச்சு மாட்டுனது. போல்ட்டும் என் போல்ட்டு. அப்புறம் எப்படி டீச்சர் ஒடிஞ்சுச்சு?"

"டீ வரட்டும். கையத் தொங்கப் போட்டு நில்லுங்க."

"எதுக்கு?"

"நில்லுங்கண்ணே."

நின்றார். டீச்சர் பழைய டியூபில் கிழித்த ரப்பர் பட்டை ஒன்றை எடுத்துவந்து, தொங்கிய வலக்கையின் முழங்கையைச் சுற்றி மேலும் கீழுமாக இறுக்கிக் கட்டினார்.

"இறுக்கம் போதுமா?"

"இதெல்லாம் ஒரு கட்டா? நானா இருந்தா இன்னும் ரெண்டு சுத்து போடுவேன்."

"போட்டுருவோம்," என்று டீச்சர் இன்னும் இரண்டு சுற்று போட்டார்.

டீ வந்தது. கட்டிய கையிலேயே டம்ளரைக் கொடுத்தார்.

"குடிங்க."

வீரணன் கையை மடக்கினார். பட்டை விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவழியாக டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனார். ஒரு மிடறு வாய்க்குப் போனது. ஒரு மிடறு சட்டை குடித்தது.

"அப்படியே பிடிங்க. கீழ எறக்கக் கூடாது."

"எம்புட்டு நேரம்?"

"வண்டி ஓடுற வரைக்கும்."

வீரணன் வீம்புக்காரர். இறக்கவில்லை. டீச்சர் போய் வேறொரு வண்டிக்கு ஆயில் ஊற்றிவிட்டு வந்தார். அதற்குள் வீரணனுக்கு நெற்றி வியர்த்து, டம்ளரில் டீ தளும்பிக்கொண்டிருந்தது. பட்டையின் ஓரம் லேசாகக் கிழியத் தொடங்கியிருந்தது.

"டம்ளரு கனக்குதாண்ணே?"

"டம்ளரு என்ன கனம்? கட்டுதான் டீச்சர் கையப் பின்னால இழுத்துக்கிட்டே இருக்கு. தொங்கவிட்டுக் கட்டிட்டு மடக்கிப் பிடின்னா அது எப்படி…"

பேச்சு அங்கேயே நின்றது. அவர் பார்வை எதிரில் இருந்த லிஃப்டின் மேல் விழுந்தது. தூக்கி நிறுத்திய வண்டியின் நான்கு சக்கரங்களும் கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தன.

"கடைசி முடுக்கு எங்க வச்சு முடுக்குனீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"மேல வச்சு," என்றார் வீரணன்.

குழியில் வேலை பார்த்த காலத்தில் சக்கரத்தைப் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் பாரம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் குழிக்குள் போய்க் கடைசி முடுக்கு போடுவார். வேறு வழியில்லாமல் செய்தது அது. காரணம் தெரிந்து செய்ததில்லை. லிஃப்ட் வந்ததும் எல்லாவற்றையும் மேலேயே முடித்துக் கீழே இறக்கினார். தொங்கும் நிலையில் இறுகிய ரப்பர், தரைக்கு வந்த நொடியிலிருந்து முறுக்கிக்கொண்டே ஓடியது. ஒருநாள் கிழிந்தது. கிழிந்த பிறகு இரும்பை இரும்பு இடித்தது. போல்ட் மட்டும் கடைசிவரை தளரவே இல்லை.

டீச்சர் பட்டையை அவிழ்த்தார். முழங்கையில் தடம் சிவந்திருந்தது.

"இத இம்புட்டு நாளா யாரும் எனக்குச் சொல்லலையே டீச்சர்."

"உங்ககிட்ட யாருண்ணே சொல்ல முடியும்?"

வீரணன் ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "லிஃப்ட் வந்ததுக்கப்புறம் மாட்டுன வண்டியெல்லாம் மலமேலதான் ஓடிக்கிட்டிருக்கு," என்றார்.

"ம்."

"வெளிய தெரிஞ்சா பட்டறைப் பக்கம் ஈ, காக்கா வராது. அடுத்த சர்வீசுக்கு வர்றப்ப ஒவ்வொண்ணா கமுக்கமா சரி பண்ணிர்றேனே?"

டீச்சர் ரப்பர் பட்டையை மறுபடி கையில் எடுத்தார். "அடுத்த சர்வீசு வரைக்கும் டம்ளரப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்களா?"

வீரணன் செல்போனை எடுத்தார். அந்த ஸ்டூலில் இருந்தே ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

"நான் போடி வீரணன் பேசுறேன். ஒங்க வண்டிக்கு ஆர்ம் மாட்டுனதுல என் மேல தப்பு இருக்கு. மலையேத்தாதீங்க. மெதுவா கொண்டுவாங்க. கூலி வேணாம்."

ஒருவர் குடித்திருக்கிறீரா என்று கேட்டார். ஒருவர் இதை முன்னமே சொல்ல என்ன கேடு என்றார். இன்னொருவர் வைத வசவை எழுதினால் காகிதம் கூசும். வீரணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரிங்க, ஆனா வண்டியக் கொண்டுவந்துருங்க," என்று முடித்தார்.

மாசிலாமணியிடம் மட்டும் போனில் சொல்ல மனசு வரவில்லை. மறுநாள் காலையில் வீட்டுக்கே போய் வாசலில் நின்றார்.

"கடைக்காரர் மேல எழுதிக் குடுத்துறாதீங்க. பொருளு நல்ல பொருளு. கெடுத்தது நான்."

மாசிலாமணிக்கு முகம் சிவந்தது. "குடும்பத்தையே கொன்னுருப்பியேய்யா!"

"ஆமா."

"ஆமாங்கிறான் பாரு!"

உள்ளே கட்டுப்போட்ட தோளோடு படுத்திருந்த அவர் மனைவி எழுந்து வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டார். வீரணனை மேலும் கீழும் பார்த்தார்.

"எதனால ஒடிஞ்சதுன்னு தெரிஞ்சுருச்சா?"

"தெரிஞ்சுருச்சும்மா."

"அப்ப இங்க நின்னுக்கிட்டு என்ன செய்றீக? ஓடுற வண்டிகளப் போய்ப் பாருங்க. எங்க வண்டிதான் சும்மா நிக்குதே."

வீரணனுக்குக் கண் நிறைந்துவிட்டது. கும்பிட்டுவிட்டு வேகமாக நடந்தார்.

டயர்களைத் தள்ளிப் பலகையைப் பெயர்த்துக் குழியைத் திறந்தார். வண்டிகள் வந்தன. ஒவ்வொன்றையும் குழிமேல் நிறுத்தி, உள்ளே இறங்கி, தான் மூச்சுப் பிடித்து முடுக்கிய போல்ட்டைத் தானே மூச்சுப் பிடித்துக் கழற்றினார். தளர்ந்ததும் உள்ளே அடைபட்டுக் கிடந்த முறுக்கு 'டப்'பென்று அவிழ்ந்து ரப்பர் தன் இடத்துக்குத் திரும்பியது. அதன் பிறகு மறுபடி முடுக்கினார். சிலதில் அந்தச் சத்தம் வரவில்லை. அவை ஏற்கெனவே கிழிந்திருந்தன. அவற்றுக்குப் புதிது மாட்டினார். எஸ்டேட்காரர் ஒருவர் வர முடியாது என்று சாதித்தார். அவர் பங்களாவுக்கே வீரணன் பஸ்ஸில் ஏறிப் போய், ஜல்லி மேல் சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுத்தார்.

ஊர் கொஞ்ச நாள் சிரித்தது. அப்புறம் சிரித்தவர்களும் வண்டியைக் கொண்டுவந்து, "எதுக்கும் நம்ம வண்டியையும் ஒரு பார்வை பாருங்க," என்றார்கள்.

மழை பிடிப்பதற்கு முன்னால் ஒரு காலையில் சகாயராணி டீச்சர் தன் வண்டியோடு வந்து இறங்கினார். கூடவே அவருடைய அம்மா. மலைமேல் பூப்பாறையில் இருக்கும் அம்மாவின் மூத்த மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பக்கமும் லோயர் ஆர்ம் தேஞ்சுருச்சுண்ணே. மாத்தணும்."

"நீங்களே மாத்திருக்கலாமே டீச்சர்."

"மாத்தியிருக்கலாம்," என்று சாவியை நீட்டினார்.

வீரணன் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார். வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, பாரம் உட்கார்ந்த பிறகு குழிக்குள் போனார். முடுக்கினார். வெளியே வந்தார். மறுபடி உள்ளே போனார். டார்ச் அடித்து ரப்பரைப் பார்த்தார். கைகழுவப் போனவர் பாதியில் திரும்பிவந்து இன்னொரு முறை குனிந்தார்.

டீச்சர் அம்மாவை முன்சீட்டில் ஏற்றி, பெல்ட்டை மாட்டிவிட்டார். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் வீரணன் ஜன்னலருகே வந்தார்.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர்."

"கேளுங்க."

"முன்னயெல்லாம் ஒரு போல்ட்டு போட்டா அதத் திரும்பிப் பாக்க மாட்டேன். இப்ப ஒவ்வொண்ணையும் பாத்துட்டு மறுபடி பாக்குறேன். ராத்திரி படுத்தா, அந்த வண்டி சரியா இருக்குமான்னு நெனப்பு ஓடுது. மறுபடி ஸ்பானரத் தொட்டுட்டேன். ஆனா பழைய நம்பிக்க வரமாட்டேங்குது. என் கைய நான் மறுபடி எப்ப டீச்சர் நம்புறது?"

டீச்சர் வண்டியைக் கிளப்பினார்.

"நம்பாதீங்கண்ணே. நம்பிக்கிட்டிருந்தப்பத்தான் நீங்க குனிஞ்சு பாக்கல."

கியரைப் போட்டுவிட்டு, பக்கத்தில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்த அம்மாவைக் கண்ணால் காட்டினார்.

"நீங்க நம்பாத அந்தக் கைய நம்பித்தான் இவங்கள மலையேத்துறேன்."