தாய்ப்பன்றியின் குரல்

இந்தக் குருவுக்கு ஆசிரமம் இல்லை. கால்நடை ஆராய்ச்சிக்கூடத்தின் கோடியில் ஓர் அறை உண்டு. தாடி இல்லை, மூக்குக் கண்ணாடி உண்டு. பெயர் டாக்டர் அல்போன்சா. கைக்குழந்தைகளுக்கு வைரஸால் வரும் வயிற்றுப்போக்கைப் பன்றிக்குட்டிகளை வைத்து ஆராய்பவர்.

சீடன் இசக்கிராஜா, திருநெல்வேலிக்காரன். ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்த வாரமே கட்டடத்திலிருந்த எல்லாக் குரலையும் தன் தொண்டையில் குடிவைத்துவிட்டான். இயக்குநரின் இருமல், லிஃப்ட் கதவின் முனகல், கேன்டீன் அண்ணாச்சியின் "டோக்கன் எங்கல?" எதையும் விடவில்லை.

குட்டிகளைச் சிசேரியன் செய்து எடுத்து, நேராகப் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் விட்டிருந்தார்கள். வேறு கிருமி ஒட்டக்கூடாது. கூடாரச் சுவரிலேயே நீளமான கையுறைகள் இருந்தன. வெளியே நின்று அதற்குள் கையை விட்டுத்தான் பால் தரவேண்டும், ஊசி போடவேண்டும். தாயை அவை பார்த்ததே இல்லை.

சீடன் கேட்டான். "மேடம், இது எப்படிக் குழந்தைக்கு மாதிரி ஆகும்?"

"குடல்," என்றார் குரு.

சீடன் அப்போதே ஒரு தாயாக மாறி, இல்லாத பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டான். "ஏங்க டாக்டரம்மா, எம்புள்ள குடலு பன்னி மாதிரியா இருக்கு? அது அவங்கப்பா வழியா வந்திருக்கும்ங்க."

குரு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

வைரஸ் கொடுத்தார்கள். குட்டிகளுக்குத் தண்ணீராகப் போயிற்று. கண்கள் உள்ளே போய்விட்டன. தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளியபடியே நின்றது. சீடன் யார் குரலிலும் பேசவில்லை.

"இப்ப எதுல மேடம் மாதிரி?"

"பிள்ளைங்க வார்டுக்குப் போய்ப் பாரு. இதே கண்ணு."

ஒரு குட்டி மட்டும் பாலைத் தொடவில்லை. கையுறை அசைந்தாலே மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. அந்தக் கை வந்தால் ஊசிதான் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

சீடன் பின்பக்கத்துப் பண்ணைக்குப் போனான். அங்கே குட்டிகளைப் பாலுக்குக் கூப்பிடும் ஒரு தாய்ப்பன்றியின் எதிரே குந்தி உட்கார்ந்து, அதன் உறுமலைக் கற்றுக்கொண்டு வந்தான்.

"ர்ருக்... ர்ருக்... ர்ருக்..."

மூலையில் இருந்த குட்டியின் காது நிமிர்ந்தது. தள்ளாடிக்கொண்டு வந்து கையுறையில் மூக்கை வைத்தது. பால் குடித்தது.

அதற்கு மாப்ள என்று பெயர் வைத்தான். வேளாவேளைக்கு உறுமினான். மாப்ள தேறியது. கூடாரத்துக்குள் ஓடியது.

"மேடம், மாப்ள பொழச்சுட்டான்."

"நல்லது. காலையில திறந்துடலாம்."

"கூடாரத்தையா?"

"குடலை."

சீடன் சிரித்தான். குரு வேறு யாருடைய குரலிலாவது அதைச் சொல்லியிருக்கவேண்டும் என்று நினைத்தான். அவர் சொந்தக் குரலில்தான் சொல்லியிருந்தார்.

"பொழச்சவனை எதுக்கு மேடம்?"

"எப்படிப் பொழச்சான்னு, செத்ததைத் திறந்தா தெரியாது."

மறுநாள் காலை குருவின் வலக்கை கையுறைக்குள் இருந்தது. அதில் ஊசி. மாப்ள மூலையில்.

"கூப்பிடு, இசக்கி."

"நானா?"

"நான் துரத்தியும் பிடிச்சுடுவேன். கத்திக்கிட்டே உயிர் போகும். நீ கூப்பிட்டா கத்தாம போகும்."

"நான் கூப்பிட மாட்டேன் மேடம்."

"சரி," என்றார் குரு. கையுறை மூலையை நோக்கி நகர்ந்தது. மாப்ள வீறிட்டது.

"இருங்க மேடம்."

கையுறை நின்றது. சீடன் வாயைத் திறந்தான். இயக்குநரின் இருமல் வந்தது. மறுபடி திறந்தான். லிஃப்ட் கதவு முனகியது. குரு காத்திருந்தார்.

"ர்ருக்... ர்ருக்... ர்ருக்..."

மாப்ள வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது. குரு இடக்கையையும் உள்ளே விட்டு ஏந்தினார். அந்த உள்ளங்கையில் அது மூக்கை வைத்து, பாலுக்காக வாயைத் திறந்தது. ஊசி இறங்கியது தெரியவே இல்லை. மூச்சு நிற்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

சீடனின் வாய் இன்னும் தாய்ப்பன்றியின் வாய்போலவே குவிந்திருந்தது. அதை மூட அவனுக்கு நேரமாயிற்று.

"அம்மான்னு நெனச்சுல்லா மேடம் வந்துச்சு."

குரு கையுறையிலிருந்து கைகளை உருவிக்கொண்டார்.

"எதுல குழந்தை மாதிரின்னு கேட்டே. குடல்னு சொன்னேன், கேலி பண்ணினே. கண்ணுன்னு சொன்னேன், பேசாம இருந்தே," என்றார். "இந்த மாதிரி, இசக்கி."