கைவிடப்பட்ட கிணறு

"அம்மா, என் வயல்ல இருக்கிற எண்ணெய்க் கிணத்தைச் சரியா மூடச்சொல்லி யார்மேல வழக்குப் போடுறது?"

மாசிலாமணி எழுந்து நின்று கேட்டார். வகுப்பில் அவரே மூத்த மாணவர். ஆசிரியை தையல்நாயகியைவிடவும் மூத்தவர். இந்த ஒரு வினாவுக்கு விடை காணவே, உழவை மகனிடம் ஒப்படைத்துவிட்டுச் சட்டம் பயில வந்தவர்.

"சேர்ந்த நாள்லேர்ந்து இதே கேள்வி," என்றான் பின்வரிசையில் ஒருவன். "கிணத்துக்கே அலுத்துப்போயிருக்கும், பெரியப்பா."

சிரிப்பு எழுந்தது. தையல்நாயகி சிரிக்கவில்லை.

"கிணத்துக்கிட்ட என்ன எழுதி வெச்சிருக்காங்க?"

"பலகை இருக்கும்மா. 'கைவிடப்பட்ட கிணறு'ன்னு."

"அதைப் படிச்சிட்டு ஊர்ல என்ன செஞ்சீங்க?"

மாசிலாமணி தலை கவிழ்ந்தார்.

"கம்பெனிக்காரன் போயிட்டான், மண்ணு நம்மகிட்டயே திரும்பிடுச்சுன்னு அங்கேயே பொங்கல் வெச்சோம். கற்பூரம் காட்டினோம். தரையிலேர்ந்து ஒரு சுடர் எழும்பிச்சு. காத்தடிச்சும் அணையல. சோதின்னு எல்லாரும் விழுந்து கும்பிட்டோம்."

"எதுவரைக்கும்?"

"சுத்தியிருந்த பயிர் கருகுற வரைக்கும்."

மாசிலாமணி தொடர்ந்தார்.

"மண்ணைக் கொட்டி அணைச்சோம். வாயு மட்டும் கசிஞ்சுக்கிட்டே இருக்கு. வயலை ஒட்டித்தான் வீடு. மருமகளுக்கு நிறைமாசம். மூச்சு முட்டுதுங்கறா."

"பிறந்த வீட்டுக்கு அனுப்பலாமே?"

"தாயில்லாப் பொண்ணும்மா. அவளுக்கு எங்க வீடுதான்."

தையல்நாயகி சொன்னார்:

"சட்டத்துல கைவிடுறதுன்னா விட்டுட்டு ஓடுறது இல்லைங்க ஐயா. உள்ளே சிமெண்டை இறக்கி, வாயை அடைச்சு, அடைச்சாச்சுன்னு சான்று வாங்குறது. கைவிட்டதாகச் சான்று பெற்றவர், கடமையை முடிச்சவர்."

"ஆண்டவன் கைவிடமாட்டான்னு பாடிப் பாடியே வளர்ந்தவன் நான். அந்தச் சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருளாம்மா?"

தையல்நாயகி முன்னே வந்தார். மூன்று நாற்காலிகளை எடுத்துவந்து, மாசிலாமணியை நோக்கி வரிசையாக இட்டார்.

முதலாவதில் அமர்ந்தார். குரல் மாறிற்று.

"கிணறு தோண்டிய நிறுவனம் நான். உரிய அனுமதியுடன் உரிமத்தை மற்றொருவருக்கு மாற்றிவிட்டேன்."

எழுந்தார். அந்த நாற்காலியைச் சுவரை நோக்கித் திருப்பினார்.

இரண்டாவதில் அமர்ந்தார்.

"உரிமம் வாங்கியவர் நான். கிணற்றை முறைப்படி கைவிட்டேன், சான்று உள்ளது. பின்னர் நிறுவனத்தையே கலைத்துவிட்டோம்."

அதுவும் சுவரை நோக்கித் திரும்பிற்று.

மூன்றாவதில் அமர்ந்தார்.

"அரசு நான். நிலத்தடி வளம் என்னுடையது. வளம் தீர்ந்தது, என் பணியும் தீர்ந்தது."

"தீரலையே!" மாசிலாமணியின் குரல் உயர்ந்தது. "வளம் உங்களுதுன்னா வாயுவும் உங்களுதுதானே? அடியில கிடக்கிற வரைக்கும் உங்க சொத்து. மேல வந்து ஆளைக் கொல்லுறப்ப அது யார் சொத்து?"

"அப்படிப் போடுங்க பெரியப்பா!" பின்வரிசை கைதட்டிற்று.

"நல்ல வாதம்," என்றார் அவர், அரசின் குரல் மாறாமலே. "ஒரே ஒரு வினா. கிணறு இருக்கும் வயல் இன்று யாருடைய அனுபவத்தில் உள்ளது?"

"என் அனுபவத்துலதான். பாட்டன் காலத்துலேர்ந்து எங்க குடும்ப அனுபவத்துலதான்."

"இடையில் எப்போதேனும் விட்டுக்கொடுத்தீர்களா?"

"ஒருநாளும் இல்லை."

"இனி விட்டு நீங்கும் எண்ணம் உண்டா?"

"உசிர் இருக்கிற வரைக்கும் விடமாட்டேன்!"

மீண்டும் கைதட்டல் எழுந்தது. பாதியில் நின்றது.

தையல்நாயகி எழுந்தார். மூன்றாம் நாற்காலியை அவர் சுவர்ப்பக்கம் திருப்பவில்லை. தூக்கிவந்து மாசிலாமணியின் பின்னே வைத்தார்.

மாசிலாமணி அதைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா?"

"கைவிடாதவர் நீங்க ஒருத்தர்தான்," என்றார் அவர், தம் சொந்தக் குரலில். "நிலம் யார் கையிலயோ, கசிவுக்கும் அவரே பொறுப்பு. உட்காருங்க ஐயா. எதிர்வாதியோட இடம் இது."